நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்டலாம்: முதலில் சீப்பு, பிறகுதான் கத்தரி

ஜெஞ்சாரோம் – தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாயும் குளிப்பாட்டலும் தெரியும். நாய்க்கு முடி வெட்டுவது என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அன்று இருந்ததில்லை. லயன் வீட்டு வாசலில் காவலிருந்த நாட்டு நாய்க்குக் குட்டை முடி. மழையில் நனைந்தால் உதறிக்கொள்ளும், வெயிலில் படுத்தால் காய்ந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடைப்பட்ட ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளிலும் ஷிட்சு, பூடல், பொமரேனியன், ஹஸ்கி என்று நீண்ட முடி நாய்கள் வந்துவிட்டன. பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறும் மகனோ மகளோ, வளர்த்த நாயை ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்வதும் உண்டு. அங்கே அதற்குச் சோற்றுக்கும் பாசத்துக்கும் குறைவில்லை. கிடைக்காமல் போவது சீப்பு ஒன்றுதான்.

கிள்ளானிலோ பந்திங்கிலோ உள்ள செல்லப்பிராணி அலங்காரக் கடைக்கு மாதந்தோறும் காரில் கொண்டுபோவது எல்லாருக்கும் இயலாது. அதனால் வீட்டிலேயே கத்தரியை எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எந்த நாய்க்கு வெட்டலாம், எதற்கு வெட்டக்கூடாது, எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அழகுக்காக மட்டும் அல்ல

நீண்ட முடி சீவப்படாமல் இருந்தால் உதிர்ந்த முடி வெளியே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து சடை கட்டுகிறது. சடை இறுகும்போது தோலையும் சேர்த்து இழுக்கிறது. நாய் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் அந்த இழுப்பு வலிக்கும். தொட்டால் சீறுகிறது, கோபக்கார நாய் ஆகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். அது பல வேளைகளில் கோபமல்ல, வலி.

இதைவிட மோசமானது, சடைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போவது. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நனைந்த சடை காய்வதே இல்லை. அடியில் தோல் வெந்து, சிவந்து, நீர் கசியும் புண்ணாகிறது. வாலுக்கு அடியில் மலம் ஒட்டிய முடியும் இப்படித்தான். அந்த வாடைக்கு ஈ வரும்.

மலேசியா உட்பட வெப்ப மண்டல ஆசிய நாடுகளில் ‘கிரைசோமியா பெசியானா’ என்ற ஈ வகை உண்டு. மற்ற ஈக்களின் புழுக்கள் பெரும்பாலும் செத்த சதையைத் தின்னும். இதன் புழுவோ உயிருள்ள சதையையே தின்னும். சிறு புண்ணின் ஓரத்தில் இடப்படும் முட்டைகள் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் பொரிந்துவிடும். வெளியே முடி பஞ்சுபோல் இருக்க, உள்ளே புண் குழியாகிக்கொண்டிருக்கும். வீட்டார் கவனிப்பது, நாய் சாப்பிடாமல் ஒதுங்கிப் படுத்து, ஒருவிதமான துர்நாற்றம் வீசும்போதுதான்.

முடியைப் பராமரிப்பதன் முதல் பயன் இதைத் தடுப்பதுதான். வாரத்தில் சில நாள் சீப்பு தோல்வரை போய் வந்தால் புண், உண்ணி, கட்டி எதுவும் கைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க முடியாது.

எந்த முடி, என்ன முறை

எல்லா நாய்க்கும் ஒரே வெட்டு பொருந்தாது. வீட்டில் இருப்பது மூன்று வகையில் எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வகை குட்டை முடி. நாட்டு நாய்கள் பெரும்பாலும் இந்த வகைதான். தமிழ்நாட்டின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களும் இப்படித்தான். வெயில் ஊரில் வளர்ந்த அவற்றுக்கு உடம்போடு ஒட்டிய முடியே போதும். இவற்றுக்கு வெட்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டாலே உதிர்ந்த முடி வந்துவிடும்.

இரண்டாவது, வளர்ந்துகொண்டே போகும் முடி. ஷிட்சு, பூடல், மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் ஆகியவை இந்த வகை. இவற்றின் முடி மனிதர் தலைமுடிபோல் நீண்டுகொண்டே இருக்கும், உதிர்வது குறைவு. வெட்டாவிட்டால் கண்ணை மறைக்கும், சடை கட்டும். 6 முதல் 8 வாரத்திற்கு ஒருமுறை வெட்டுவது நல்லது. வீட்டில் முடி வெட்டப் பழகுவதற்கு ஏற்றவை இவையே.

மூன்றாவது, இரட்டை அடுக்கு முடி. ஹஸ்கி, பொமரேனியன், ஜப்பானிய ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றுக்கு மேலே நீண்ட முரட்டு முடியும், அடியில் மெத்தென்ற பஞ்சு முடியும் இருக்கும். இவற்றைத்தான் “பாவம், வெயிலில் வேகிறது” என்று சொல்லி மொட்டையடிக்கிறார்கள். அதுவே பெரிய தவறு.

நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான் உள்ளன. உடல் சூட்டை அது நாக்கை நீட்டி மூச்சிரைத்துத் தணிக்கிறது. ஆகவே முடியை மழித்தால் காற்றுப்பட்டு வியர்வை உலரும் என்ற கணக்கு நாய்க்குச் செல்லாது. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெயிலில் வேகும். பொமரேனியன், ஹஸ்கி போன்றவற்றுக்கு மழித்த இடத்தில் முடி மாதக்கணக்கில் திரும்ப முளைக்காமலும் போகலாம். முளைத்தாலும் திட்டுத்திட்டாக, பஞ்சு முடியாக வரலாம்.

இவற்றுக்கு வேண்டியது அடியில் உதிர்ந்து தங்கியிருக்கும் பஞ்சு முடியைச் சீவி எடுப்பது. அது போனாலே காற்று உள்ளே புகும். கத்தரி வேலை பாதம், வாலின் அடி, தொடையின் பின்புறம் ஆகிய இடங்களைச் சீர்செய்வதோடு நிற்க வேண்டும்.

தேவைப்படும் பொருள்கள்

இரும்புச் சீப்பு ஒன்று. ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் இருக்க வேண்டும். வளைந்த மெல்லிய கம்பிகள் பதித்த பிரஷ் ஒன்று. முனை மழுங்கிய கத்தரி ஒன்று. நகம் வெட்டி ஒன்று. நாய்க்கென விற்கும் முடிவெட்டும் இயந்திரம், அதாவது கிளிப்பர் ஒன்று. வேலை செய்யும் மேசையிலோ சிமெண்டுத் தரையிலோ வழுக்காத ரப்பர் விரிப்பு.

அப்பாவுக்கோ தம்பிக்கோ முடி வெட்டும் இயந்திரத்தையே நாய்க்கும் பயன்படுத்துவது சரியல்ல. நாயின் அடர்ந்த முடியில் அது சிக்கி இழுக்கும், சீக்கிரம் சூடேறும். படர்தாமரை போன்ற பூஞ்சை நோய் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

கிளிப்பர் பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் கூடக்கூட முடி குட்டையாகும். 10-ஆம் எண் பிளேடு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். 7எஃப் பிளேடு 3 மில்லிமீட்டரும், 4எஃப் பிளேடு 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும் விடும். புதிதாகப் பழகுபவர்கள் 4எஃப் போல் நீளமாக விடும் பிளேடில் தொடங்கினால், கை தவறினாலும் பிழை பெரிதாகத் தெரியாது.

குளிப்பாட்டும் முன் சீவுங்கள்

பலர் முதலில் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு சிக்கெடுக்க உட்காருகிறார்கள். அது தலைகீழ் வரிசை. தண்ணீர் பட்டுக் காய்ந்த சடை முன்பைவிட இறுகும். எனவே சீவிய பிறகே குளியல்.

முடியைக் கையால் பிரித்து, தோல் தெரியும் கோடாக வகிடெடுத்து, நுனியிலிருந்து அடிப்பக்கமாகச் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். மேலாகத் தடவிவிட்டால் மேல்பக்கம் பளபளக்கும். அடியில் சடை அப்படியே கிடக்கும். சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையின்றி ஓடினால்தான் சீவி முடிந்தது என்று பொருள். காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையின் கீழ், வாலடி ஆகியவை சடை அதிகம் கட்டும் இடங்கள்.

சிறு சிக்கில் சிறிதளவு சோளமாவைத் தூவி விரலால் பிரித்தால் இளகும். சிக்குக்கும் தோலுக்கும் இடையில் முடியின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது.

சடையைக் கத்தரியால் வெட்டி எடுப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. சடை தோலை மேலே தூக்கி வைத்திருக்கும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும். சீப்பு நுழையவில்லை என்றால் கத்தரிக்கு அங்கே வேலை இல்லை. 10-ஆம் எண் பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, சடைக்கு அடியில் மெல்லச் செலுத்தி எடுப்பதே பாதுகாப்பு. நீளமாக விடும் பிளேடுகளின் பல் இடைவெளி அகலமானது. அதில் தோல் சிக்கும்.

உடம்பு முழுவதும் கம்பளிபோல் ஒரே சடையாகிவிட்ட நாயை வீட்டில் தொடக் கூடாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய வேலை அது. மனிதர்களின் தூக்க மாத்திரையை நாய்க்குக் கொடுத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

குளியலும் காயவைப்பதும்

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதனால் நம் ஷாம்புவும் பாத்திரம் கழுவும் சோப்பும் அதன் தோலை வறளச் செய்து அரிப்பை உண்டாக்கும். நாய்க்கான ஷாம்புவே ஏற்றது. காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கு காது நாய்களுக்குக் காதுச் சீழ் எளிதில் வரும்.

குளித்த நாயை ஈரத்தோடு விடக் கூடாது. துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றிலோ குறைந்த சூட்டு உலர்த்தியிலோ அடிமுடிவரை காயவைக்க வேண்டும். அந்தியில் மழை பெய்யும் நாளில் குளிப்பாட்டாமல், வெயிலுள்ள காலையில் குளிப்பாட்டுவது புத்திசாலித்தனம்.

கிளிப்பரைக் கையிலெடுக்கும்போது

முதல் நாள் வெட்டவே வேண்டாம். இயந்திரத்தை அணைத்த நிலையில் மோந்து பார்க்க விட வேண்டும். பிறகு தூரத்தில் ஓடவிட்டு, அதற்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுக்கலாம். மறுநாள் அதிரும் இயந்திரத்தின் பின்பக்கத்தை முதுகில் வைத்துக் காட்டலாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கினால் பிறகு பல ஆண்டுகள் சண்டையின்றி வேலை நடக்கும்.

இருவர் இருப்பது நல்லது. ஒருவர் முன்னால் நின்று நாயைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் வெட்டலாம். முடி வளரும் போக்கிலேயே, கழுத்திலிருந்து வால் நோக்கியும், முதுகிலிருந்து வயிறு நோக்கியும் பிளேடு போக வேண்டும். எதிர்ப்போக்கில் வெட்டினால் எதிர்பார்த்ததைவிட மிகக் குட்டையாகிவிடும். பிளேடின் கூர்முனையைத் தோலில் குத்துவதுபோல் சாய்க்காமல் படுக்கையாக வைக்க வேண்டும். தோல் மடியும் இடங்களில் மறு கையால் இழுத்துச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். அக்குள், விலாவுக்கும் தொடைக்கும் நடுவே உள்ள மெல்லிய தோல் மடிப்பு, காது ஓரம், முலைக்காம்பு ஆகிய இடங்களில் அவசரம் கூடாது.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிளேடைத் தன் கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு சொட்டு கிளிப்பர் எண்ணெய் விட்டுத் தொடரலாம்.

கண்ணைச் சுற்றிய முடியைக் கத்தரியால் எடுக்கும்போது கத்தரியின் முனை கண்ணைப் பார்த்திருக்கக் கூடாது. கண்ணுக்கு இணையாக, பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஷிட்சுவின் கண்கள் வெளியே துருத்தியவை. முடி உரசி உரசியே அவற்றில் புண் வருவதுண்டு. பாதத்தின் அடியில் மெத்தை போன்ற பகுதிகளுக்கு நடுவே வளரும் முடியை மெத்தைக்குச் சமமாக வெட்டினால் போதும். தோட்டத்துச் சேறு உருண்டையாகி ஒட்டுவதும், ஓடு பதித்த தரையில் வழுக்குவதும் குறையும். விரல் இடுக்கில் புல் விதை குத்தியிருக்கிறதா, உண்ணி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஆசனவாயைச் சுற்றியும் வாலடியிலும் முடியைக் குட்டையாக வைப்பதே ஈ மொய்க்காமலிருக்க முதல் வழி.

நகத்தில் உள்ளே சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாய். அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். கறுப்பு நகத்தில் அது தெரியாது. மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

ஒரே நாளில் முழு வேலையையும் முடிக்க வேண்டியதில்லை. நாய் வேகமாக மூச்சிரைத்தாலோ, நாக்கு அடர்சிவப்பாக மாறினாலோ உடனே நிறுத்தி, நிழலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். சப்பை மூக்கு நாய்களும் வயதான நாய்களும் நம் பகல் வெயிலில் விரைவில் தளர்ந்துவிடும்.

பழைய வைத்தியங்கள் வேண்டாம்

சொறி பிடித்த நாய்க்கு வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பூசும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நாய் தன் உடம்பை நக்கும். பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்துபோகும். சொறிக்கும் உண்ணிக்கும் இன்று மருத்துவரிடம் நல்ல மருந்துகள் உள்ளன.

உண்ணியை நெருப்புக் குச்சியால் சுடுவதும் கூடாது. நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலிலும் நாய்க்கூண்டின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாயைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. அது படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள ‘பெர்மெத்ரின்’ பூனைக்கு நஞ்சு. பூனையும் வளரும் வீடுகள் மருந்து வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்டை வீட்டாரை மறக்கலாகாது

நம் வட்டாரம் மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் கலந்து வாழும் இடம். நாயின் உமிழ்நீரோ ஈர உடம்போ பட்டால் முஸ்லிம் அன்பர்கள் ‘சாமாக்’ எனும் முறைப்படி, ஒருமுறை மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டியிருக்கிறது. ஆகவே நாயைப் பொதுக் கால்வாய் ஓரத்தில் குளிப்பாட்டாமல் வீட்டு வளாகத்துக்குள்ளேயே குளிப்பாட்டுவதும், வெட்டிய முடியைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்ப்பதும் நல்லது. நாய்க்குத் துடைத்த துண்டுகளைச் சுயசேவைச் சலவைக் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. இதில் கவனமாக இருந்தால் வீண் மனக்கசப்பு வராது.

வேலை முடிந்ததும் கழுத்துப்பட்டையையும் உரிம வில்லையையும் மறக்காமல் மாட்டிவிட வேண்டும். முடி வெட்டிய கையோடு பட்டையில்லாமல் வெளியே ஓடிய நாயைத் தெருநாய் என்று பிடித்துச் சென்றுவிட்டால் வருத்தம் நமக்குத்தான்.

எப்போது மருத்துவரிடம் போவது

முடியை விலக்கும்போது துர்நாற்றம், சீழ், அசையும் புழு, கருகிய தோல், இரத்தம் கசியும் காது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். புழுவை வெளியே எடுத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. ஆழத்தில் இன்னும் இருக்கும்.

இது இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லப்படுவது அல்ல. 2015 விலங்கு நலச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டத்துக்குப் பயந்து யாரும் நாய் வளர்ப்பதில்லை. பேரப்பிள்ளை விட்டுச்சென்ற ஷிட்சுவை, தாத்தா மாலை வேளையில் வாசலில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தடவிக்கொடுப்பார். அந்தக் கையில் ஒரு சீப்பு இருந்தால் போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் சீவினால், கத்தரிக்கும் மருத்துவருக்கும் பெரும்பாலான வேலை இல்லாமலே போய்விடும்.